வாரிசு ஒருவர், வாடகை வீட்டுப் பிள்ளை ஒருவர்

பிரெஞ்சு தேசியவாத அரசியலில் இளம் முகம் என்றால் இரண்டு பேர்: மரியோன் மரேஷால், ஜோர்தான் பார்தெல்லா.

மரியோன், தேசிய முன்னணி (இன்று பெயர் தேசியப் பேரணி) என்ற தீவிர வலதுசாரிக் கட்சியைத் தொடங்கிய ஜான் மரி லெ பென்னின் பேத்தி. 2012இல் 22 வயதிலேயே நாடாளுமன்ற உறுப்பினர். கதவு திறந்தே இருந்தது. ஆனால் 2017இல் ஒதுங்கினார், லியோனில் ஒரு கல்விக்கூடம் ஆரம்பித்தார், 2022இல் கட்சியின் அதிபர் வேட்பாளரான சித்தி மரீன் லெ பென்னை விட்டு, போட்டி வலதுசாரித் தலைவர் எரிக் ஸெமூரின் கட்சிக்குப் போனார். 2024 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் அவர் தலைமையில் அந்தக் கட்சிக்குக் கிடைத்தது ஐந்தரை சதவீதம். அப்புறம் அங்கேயும் வெளியேற்றம்.

பார்தெல்லா, பாரிஸை ஒட்டிய சான் தெனியில் அரசுக் குடியிருப்பில் தாயுடன் வளர்ந்தவர், இத்தாலிய வம்சாவளி. மேடையில் அந்தக் கதையை விடாமல் சொல்வார். தந்தை வசதியானவர், படித்தது தனியார் கத்தோலிக்கப் பள்ளி என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை! பட்டப்படிப்பைப் பாதியில் விட்டவர், 16 வயதில் சேர்ந்த லெ பென் கட்சியை விடவில்லை. 23 வயதில் ஐரோப்பியத் தேர்தலில் கட்சியின் வேட்பாளர் பட்டியலுக்குத் தலைவர், 2022இல் 27 வயதில் கட்சித் தலைவர். 2024 ஐரோப்பியத் தேர்தலில் 31 சதவீத வாக்கு. முடிவு வந்த அன்று இரவே அதிபர் மக்ரோன் பிரெஞ்சு நாடாளுமன்றத்தைக் கலைத்தார்.

பேச்சில், கொள்கைத் தெளிவில் மரியோன்தான் ஒரு படி மேல் என்பேன். ஆனால் பார்தெல்லாவுக்குத் தலைமையோடு ஒட்டி நிற்கத் தெரியும். 2025 மார்ச்சில் நீதிமன்றம் மரீனுக்குத் தேர்தலில் நிற்கத் தடை விதித்தபோது, கட்சியின் பார்வை பார்தெல்லா பக்கமே திரும்பியது.