தூளியா, சுவர்க்கயிறா? ஆறு தூளி வாங்கிய பிறகு எழுதுவது

ஏரியல் யோகா, அதாவது கூரையிலிருந்து தொங்கும் துணித் தூளியில் செய்கிற யோகா, வகுப்பு தொடங்கப் போகிறேன் என்று யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது, "இடம் சொந்தமா, வாடகையா?" அடுத்தது, "துணி காயப்போட நிழல் இருக்கா?" யோகாவைப் பற்றிக் கேட்க வந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். இரண்டு வருடம் ஆறு தூளிகளைத் துவைத்தவள் வேறு என்ன கேட்பேன்?

தாம்பரம் பக்கம் ஒரு வாடகை மாடியில் வகுப்பு நடத்துகிறேன். பல வருடம் தரையில் பாய் விரித்துச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஆசைப்பட்டு ஏரியல் பயிற்சி எடுத்து, ஆறு தூளி மாட்டினேன். இப்போது அதே கூடத்தில், சுவர்க் கொக்கியில் மாட்டிய கயிற்றைப் பிடித்து ஆசனம் செய்கிற சுவர்க்கயிறுதான் இருக்கிறது. ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கவில்லை. சொல்லிக்கொடுப்பதற்குச் சுவர்க்கயிறு. தூளி, எனக்கு மட்டும்.

ஹாமக் என்று விற்கிறார்கள். பார்த்தவுடன் நம் ஆட்கள் தூளி என்றுதான் சொன்னார்கள், அதுவே நிலைத்துவிட்டது. நைலான் பின்னல் துணி, அகலம் ஒன்பது அடி போல வரும். இரண்டு முனையையும் சுருக்கிட்டு, காராபினரில் (திறந்து பூட்டுகிற உலோக வளையம்) கோத்து, கண்ணி கண்ணியாகத் தைத்த பட்டையில் உயரத்தை வைத்துக்கொள்வோம். நியூயார்க்கில் கிறிஸ்டோபர் ஹாரிசன் 2007 வாக்கில் 'ஆன்டிகிராவிட்டி' என்ற பெயரில் பரப்பியதிலிருந்துதான் இது உலகம் சுற்ற ஆரம்பித்தது. சுவர்க்கயிறு அதைவிட மூத்தது. பி.கே.எஸ். ஐயங்கார் புனேயில் வளர்த்தெடுத்த முறை. அவர் வழிவந்தவர்கள் 'யோக குருந்தா' என்பார்கள். சுவரில் தலைக்கு மேலே ஒரு வரிசை கொக்கி, இடுப்புயரத்தில் ஒரு வரிசை, பருமனான பருத்திக் கயிறு. அவ்வளவுதான்.

உடம்புக்கு எது நல்லது என்பதில் பெரிய சண்டை வேண்டாம். இரண்டிலும் கழுத்தில் எடை விழாமல் தலைகீழாக இருக்கலாம், முதுகு நீளும். கண் அழுத்த நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், சமீபத்தில் கண்ணில் அறுவை சிகிச்சை, இவை இருந்தால் இரண்டிலும் தலைகீழ் கூடாது. சாப்பிட்டவுடனும் கூடாது. தூளியில் முதல் சில வகுப்புகளுக்குத் தலைசுற்றலும் குமட்டலும் இருக்கும், தொடையிடுக்கில் துணி கடிக்கும். கயிறும் கடிக்கும், மடித்த போர்வையை இடையில் வைத்தால் சரி.

சொல்லிக்கொடுக்கிறவருக்குத்தான் வித்தியாசம் தெரியும். சுவர்க்கயிற்றில் உள்ளங்கால் சுவரிலோ தரையிலோ பட்டுக்கொண்டே இருக்கிறது. ஆறு பேரும் ஒரே வரிசை. நான் எதிரே நின்றால் எல்லாரும் கண்ணில் படுவார்கள். தூளியில் ஆள் ஆடுவார், சுற்றுவார், ஒருவரைப் பிடிக்கும்போது இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் இருப்பார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒரு அக்கா சொன்னதை மறக்க முடியாது: "தலைகீழா தொங்கச் சொல்றீங்க, சரி. ஆனா இப்ப என் தலை எந்தப் பக்கம் இருக்குன்னே எனக்குத் தெரியலையே." அவருக்குச் சுவரில் மூன்றாவது நாளே தலைகீழ் வந்துவிட்டது.

ஆனாலும் இதற்காக நான் தூளியைக் கழற்றவில்லை. நான்கு பேராகக் குறைத்திருந்தால் சமாளித்திருக்கலாம். கழற்ற வைத்தது பராமரிப்பு.

துணியிலிருந்து தொடங்குகிறேன். சென்னை வேர்வைக்கு வாரம் ஒரு துவையல் இல்லாவிட்டால் நாற்றம் அடிக்கும். குளிர்ந்த தண்ணீர், மென்மையான சோப்பு. கம்ஃபர்ட் மாதிரி எதையும் ஊற்றக் கூடாது, துணி வழுக்கும். வெயிலில் போடக் கூடாது, புற ஊதாக் கதிரில் நைலான் வலு போகும். மொட்டை மாடியில் வெயில்தான் இருக்கிறது, நிழல் எங்கே இருக்கிறது? கூடத்துக்குள் கொடி கட்டினால் மறுநாள் வகுப்புக்கு இடமில்லை. ஈரத்தோடு மாட்டவும் மனசு வராது, நனைந்த நைலானுக்கு வலு கொஞ்சம் குறையும். காய்ந்த பிறகு ஒவ்வொன்றையும் முழு அகலத்துக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். மோதிரம், கொலுசுத் திருகு, ஜிப், நீள நகம், எது வேண்டுமானாலும் இழை இழுத்திருக்கும். கழற்றிவிட்டு வாருங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் ஒரு மெட்டியாவது உள்ளே வந்துவிடும். ஓட்டை தெரிந்தால் அந்தத் துணி அன்றோடு சரி. தைத்துப் போடுகிற பேச்சே இல்லை.

அப்புறம் கொக்கி. காராபினரில் 22 கிலோநியூட்டன் என்று பொறித்திருப்பார்கள். இரண்டு டன்னுக்கு மேல். அதைப் பார்த்து மயங்கிவிடுவோம், ஆனால் அந்த எண் காராபினருக்கு மட்டும்தான், மேலே இருக்கும் ஸ்லாபுக்கு இல்லை. அறுபது கிலோ ஆள் அசையாமல் தொங்கினால் அறுபது கிலோ. வேகமாக ஆடினாலோ, சட்டென்று சரிந்து துணி பிடித்தாலோ அது இரண்டு மூன்று மடங்காகும். ஃபேன் கொக்கியில் மாட்டலாமா என்று கேட்காத ஆளே இல்லை. சில கிலோ மின்விசிறிக்கு வைத்த கொக்கி அது. கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் மாட்டாதீர்கள். துளைக்குள் விரிந்து பிடிக்கிற போல்ட் வகை, நேர் கீழாக இழுபட்டு இழுபட்டுத் தளரலாம். ஸ்லாபை ஊடுருவி மேலே தகடு வைத்து இறுக்குவதே நிம்மதி. ஆனால் மேலே மொட்டை மாடி என்றால் முதல் மழைக்கே ஒழுகும். அடுக்கு மாடி என்றால் அது அடுத்த வீட்டுக்காரர் ஹால். எனக்கு ஒழுகியது. ஹவுஸ் ஓனரிடம் அந்த ஐப்பசி மாதம் கேட்ட பேச்சை இங்கே எழுத வேண்டாம்.

ஆறு தூளிக்குப் பன்னிரண்டு கொக்கி, குறைந்தது பன்னிரண்டு காராபினர், பன்னிரண்டு பட்டை. ஒவ்வொரு காலையும் ஏணி போட்டு ஏறித் தொட்டுப் பார்ப்பேன். காராபினரின் பூட்டு இறுகியிருக்கிறதா, எஃகு வளையத்தில் உரசி அலுமினியம் தேய்ந்திருக்கிறதா, கடல் காற்றில் துரு பிடித்திருக்கிறதா. முக்கால் மணி நேர வகுப்புக்கு இருபது நிமிட ஏணி வேலை. ஒருநாள் காய்ச்சலில் ஏறாமல் விட்டேன். ஒன்றும் நடக்கவில்லைதான், ஆனால் வகுப்பு முடியும்வரை மேலேயேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு முடிவெடுத்தேன்.

விற்றுவிடலாமே என்பீர்கள். காராபினரை விற்கலாம். உபயோகித்த துணியை இன்னொருவர் தலைக்கு மேலே தொங்க விட நான் எப்படிக் கொடுப்பது? மூன்றை வெட்டித் தலையணை உறையாக்கினேன்.

சுவர்க்கயிற்றுக்கும் ஒரு வில்லங்கம் உண்டு. நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் கொக்கி நிற்காது. இடுப்பை உயர்த்திக் கையும் காலும் ஊன்றிக் குனிகிற அதோமுக ஸ்வானாசனத்தில் கயிறு சுவரை விட்டு வெளியே இழுக்கும், செங்கல் பெயர்ந்துவிடும். ஒன்பது அங்குலச் சுவரில்கூட மறுபக்கம் வரை போல்ட் விட்டுத் தகடு வைத்தேன். மறுபக்கம் மாடிப்படி, தகடுகள் வெளியே தெரிகின்றன, பரவாயில்லை. தரையில் நின்றபடியே ஒவ்வொரு கொக்கியையும் ஆட்டிப் பார்க்கலாம். பருத்திக் கயிறு பிரிய ஆரம்பித்தால் கையில் பட்டதுமே தெரியும். புதுசு வாங்கவும் யோசிக்க வேண்டியதில்லை.

இழந்ததும் உண்டு. தூளிக்குள் முழுசாகச் சுருண்டு படுத்துச் செய்கிற சவாசனத்துக்குச் சுவரில் ஈடே கிடையாது. இளைஞர் கூட்டமும் குறைந்தது. அவர்களில் பாதிப்பேர் படம் எடுக்க வந்தவர்கள் என்று சொல்லி என்னைத் தேற்றிக்கொள்கிறேன். கட்டணத்தையும் குறைக்க வேண்டியிருந்தது. சொந்தக் கட்டடம், கான்கிரீட் போடும்போதே கொக்கி வைக்கிற வசதி, துணி பார்க்க ஒரு உதவியாள், இதெல்லாம் இருந்தால் உங்கள் கணக்கு வேறாக வரலாம்.

தரையில் நிறுத்துகிற இரும்புச் சட்டகத்தை ஒரு பயிலரங்கில் இரண்டு நாள்தான் பயன்படுத்தியிருக்கிறேன். துளையே வேண்டாம் என்பது பெரிய விஷயம். ஆனால் நான் ஆடியபோது சட்டகத்தின் ஒரு கால் லேசாகத் தூக்கியது. தரை சரியில்லையா, நான் சரியில்லையா, இரண்டு நாளில் சொல்ல முடியவில்லை. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நான் இரண்டையும் கற்றுத்தந்ததில்லை, அதனால் அதில் என்னிடம் யோசனை கேட்காதீர்கள்.

மிச்சமிருந்த மூன்றில் ஒன்று இப்போது மயிலாடுதுறையில் அம்மா வீட்டில். ஊஞ்சலைக் கழற்றி, பலகையின் ஒரு முனைக்கான இரண்டு கொக்கியில் மாட்டினேன். ஒன்றரை அடி இடைவெளி, தூளிக்கு அளவெடுத்து வைத்தது போல. அந்த உத்தரத்தையும் பொறியாளரைக் கூட்டிவந்து காட்டிவிட்டுத்தான் ஏறினேன். அம்மாவுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. "ஊஞ்சலை எப்ப திருப்பி மாட்டுவே? சாயங்காலம் உக்கார இடமில்லை" என்பதுதான் ஒவ்வொரு முறையும்.