கடற்கரை ஓரத்து இந்திய உணவகம்: நாலு வருடம் சாப்பிட்ட பிறகு

எங்கள் வீட்டுப் பக்கத்துக் கடற்கரையில் இருக்கிற இந்திய உணவகத்துக்கு நாலு வருடமாகப் போய் வருகிறோம், மாதத்துக்கு இரண்டு தடவையாவது. அதன் நல்ல காலமும் பார்த்தாச்சு, மோசமான காலமும் பார்த்தாச்சு, அதனால் இப்போது எழுதினால் நியாயமாக இருக்கும்.

உயர்தர இடம்தான். துணி நாப்கின், கனமான பீங்கான் தட்டு, மங்கலான விளக்கு எல்லாம் உண்டு. ஆனாலும் கடலில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு, செருப்பில் மணலோடு போய் உட்கார்ந்தால் யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை, குழந்தை தண்ணீரைக் கொட்டினாலும் முகம் சுளிக்காமல் துடைத்துவிட்டுப் போகிறார்கள். நாங்கள் திரும்பத் திரும்பப் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மீதிப் பாதி தால் மக்கனி. முழுக் கறுப்பு உளுந்தை முதல் நாளே ஊறவைத்து, சின்னத் தீயில் மணிக்கணக்கில் வேகவிட்டால்தான் உளுந்து குழைந்து தானாகவே கெட்டியாகும். அவசரமாகச் செய்தால் க்ரீமை ஊற்றித்தான் சமாளிக்க வேண்டும், அப்போது நாக்கில் வெண்ணெய் மட்டுமே நிற்கும். இங்கே பருப்பு நிற்கிறது. நாண் ரொட்டியும் நிஜமான தந்தூர் அடுப்பில் போடுவது. உள்ளே 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக்கூடிய சூடு, சுவரில் ஒட்டிய மாவு ஒன்றிரண்டு நிமிடத்தில் அங்கங்கே கருகின கொப்புளத்தோடு வெளியே வந்துவிடும். அதை அந்தச் சூட்டோடு சாப்பிட வேண்டும். தயவுசெய்து பார்சல் வாங்காதீர்கள், டப்பாவுக்குள் ஆவி பிடித்து வீடு வருவதற்குள் தோல் மாதிரி ஆகிவிடுகிறது. நாங்கள் மூன்று தடவை வாங்கி ஏமாந்தோம்.

விண்டாலூ பற்றியும் சொல்ல வேண்டும். முதல் வருடம் அதில் உருளைக்கிழங்கு போட்டு வெறும் காரமாகக் கொடுத்தார்கள். பெயரில் 'ஆலு' (இந்தியில் உருளைக்கிழங்கு) என்று கேட்பதால் வருகிற குழப்பம் அது. ஆனால் விண்டாலூவில் வருகிற அந்தப் பகுதியின் வேர் பூண்டுக்கான போர்த்துக்கீசியச் சொல். ஒயினும் பூண்டும் சேர்த்து ஊறவைத்த போர்த்துக்கீசிய இறைச்சிச் சமையல்தான் கோவாவில் வினிகரும் மிளகாயுமாக மாறியது. அதாவது காரத்துக்குச் சமமாகப் புளிப்பு இருந்தாக வேண்டும். இப்போது அந்தப் புளிப்பு சரியாக இருக்கிறது, கிழங்கும் போய்விட்டது.

இரண்டாவது வருடக் கடைசியில் சமையல்காரர் மாறினார், அப்புறம் ஆறேழு மாதம் ரொம்ப மோசம். வெங்காயம் தக்காளி வதக்கி அரைத்த ஒரே மசாலாவை மொத்தமாகச் செய்து வைத்துக்கொள்வது பெரிய சமையலறைகளில் சகஜம், அதில் தப்பில்லை. ஆனால் அதன் மேல் ஒவ்வொன்றுக்கும் தனியாக வேலை செய்ய வேண்டும் இல்லையா? கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் கோர்மா எது, பட்டர் சிக்கன் எது என்றே தெரியவில்லை, இத்தனைக்கும் கோர்மாவுக்குத் தயிரும் முந்திரியோ பாதாமோதான் ஆதாரம். கொடுக்கிற காசுக்கு இது அநியாயம் என்று மேலாளரிடம் நேராகவே சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். சில மாதம் கழித்து மெனு பாதியாகச் சுருங்கியிருந்தது, ருசி திரும்பியிருந்தது.

கடலைப் பார்த்த வெளி மேஜைக்குத்தான் எல்லோரும் ஆசைப்படுவார்கள். மாலைக் காற்று நன்றாக இருக்கும், சாப்பாடுதான் சீக்கிரம் ஆறிவிடும், அப்பளம் அந்த ஈரக் காற்றில் கண்ணெதிரே நமத்துப் போகும். கபாப் மாதிரி வேகமாக முடிக்கிற ஐட்டம் என்றால் வெளியே உட்காருங்கள். நிதானமாகச் சாப்பிடப் போகிறீர்கள் என்றால் உள்ளே, வார நாளில், ஏழு மணிக்கு முன்னால்.

போன வருடம் அப்பா வந்திருந்தபோது அன்றைக்குக் கிடைத்த மீனில் மொய்லி, அதாவது தேங்காய்ப்பால் ஊற்றிய கேரள மீன் குழம்பு, செய்திருந்தார்கள். அப்பா வெளிச் சாப்பாட்டைச் சுலபத்தில் பாராட்டமாட்டார். ஒரு கரண்டி ஊற்றிப் பார்த்துவிட்டு, "தேங்காய்ப்பால் திரியவே இல்லையேடா, நல்ல கைப்பக்குவம்" என்றார், இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிக்கொண்டார்.

சாம்பாரை மட்டும் என்னால் சிபாரிசு செய்ய முடியவில்லை. நாலு வருடமாக இனிக்கிறது, இரண்டு தடவை சொல்லியும் பார்த்தாச்சு. அதைச் சரிசெய்தார்கள் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக்கும் அங்கேயே போவோம்.