பெயிண்டுக்கு முந்தைய வேலை: கிருஷ்ணகிரிக் குழு ஒன்றைப் பற்றி

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் உள்ள எங்கள் வீட்டின் வெளிச்சுவரைப் பெயிண்டுக்குத் தயார்செய்யும் வேலையை உள்ளூர்க் குழு ஒன்றிடம் ஒப்படைத்திருந்தோம். உரிந்து நின்ற பழைய பெயிண்டைத் தகட்டால் சுரண்டி, வடக்குச் சுவரில் படிந்திருந்த பாசியைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, சுவர் முழுவதும் காயும் வரை பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமரைத் தொடாமல் அவர்கள் காத்திருந்தது பாராட்டத்தக்கது. விரிசல்களை மேலோட்டமாகப் பூசி மறைக்காமல், வெட்டி அகலப்படுத்தி, தூசியை நீக்கிய பிறகே நிரப்பினார்கள். இந்தப் பொறுமையை எல்லா மேஸ்திரிகளிடமும் எதிர்பார்க்க முடியாது. புதிய சிமெண்ட் பூச்சு 28 நாள்களாவது ஆற வேண்டும் என்று கூறி, மாடிக் கைப்பிடிச் சுவரை மட்டும் விட்டுவைத்ததும் சரியே. சுவரைச் சமப்படுத்தப் பூசும் பட்டி வேலை சுமார்தான். ஜன்னல்களையும் செடிகளையும் பலமுறை சொன்ன பிறகே தார்ப்பாயால் மூடினார்கள். சாரம் கட்டும் செலவு கூலியில் சேராது என்பதையும் முன்பே தெரிவித்திருக்கலாம்.