ஏல வீடு தேடும் சந்தா ஆப்: 5க்கு 2

வங்கிகள் ஏலம் விடும் வீடுகளைத் தேடித் தரும் ஒரு சந்தா ஆப்பைச் சில மாதங்களாகப் பார்க்கிறேன், பெயர் வேண்டாம். பட்டியலில் பெரும்பாலானவை பொதுத்துறை வங்கிகளின் பேங்க்நெட் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சந்தை விலையைவிட எவ்வளவு குறைவு என்று பச்சை எழுத்தில் போடுகிறார்களே தவிர, சுவாதீனம் வங்கியின் கைக்கு வந்துவிட்டதா, காகிதத்தில் மட்டும்தானா என்பதைக் காணோம். அம்பத்தூரில் ஒரு ஃபிளாட், படத்தில் ஜம்மென்று இருந்தது. நேரில் போனால் பால்கனியில் துணி காய்கிறது, கடன் வாங்கியவர் குடும்பம் உள்ளேயே இருக்கிறது, மெயின்டனன்ஸ் பாக்கியும் நிறைய என்று செக்யூரிட்டியே சொல்லிவிட்டார். உள்ளது உள்ளபடி விற்பனை, ஆக அந்தத் தலைவலி பெரும்பாலும் வாங்குபவருக்குத்தான்.

வாங்கி விற்று லாபம் பார்க்க நினைத்தால் கையில் பணம் தயாராக இருக்க வேண்டும். சர்ஃபேசி (கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தை வங்கியே விற்க வழிசெய்யும் சட்டம்) ஏலத்தில், கலந்துகொள்ள முதலிலேயே கட்டிய முன்வைப்புத் தொகையையும் சேர்த்து, ஏலம் எடுத்த விலையில் 25 சதவீதத்தை அன்றே, தவறினால் மறு வேலை நாளுக்குள் கட்டணும், மீதி பொதுவாக 15 நாளில். கட்ட முடியவில்லையென்றால் போட்டது போச்சு. அப்புறம் முத்திரைத்தாள் செலவு, 2 வருடத்துக்குள் விற்றால் லாபம் மற்ற வருமானத்தோடு சேர்ந்து வரி. இதையெல்லாம் கழித்துக் காட்டும் கணக்கு ஆப்பில் கிடையாது. ஏரியாவாரியாக வரும் அலர்ட் மட்டும் உருப்படி. சந்தாவைப் புதுப்பிக்கப் போவதில்லை.