மாட்டுக்குக் கைவைத்தியமா, ஊசியா? இரண்டையும் வருடக்கணக்கில் பயன்படுத்திய அனுபவம்

மாடு வளர்ப்பவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வராமல் போகாது. ஒருவர் "கற்றாழையும் மஞ்சளும் இருந்தால் போதும், ஊசியே வேண்டாம்" என்பார். இன்னொருவர் "நீ இலை தழையை அரைத்து முடிப்பதற்குள் மாடு போய்ச் சேர்ந்துவிடும்" என்பார். இரண்டு பேரும் மருந்துக்குத்தான் கட்சி கட்டுகிறார்கள், நோய் என்னவென்று கேட்பதில்லை. என் அனுபவத்தில் முதலில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: இந்த நோயை ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? தானாக அடங்கும் நோயா, மெல்ல முற்றும் நோயா, சில மணி நேரத்தில் மாட்டைச் சாய்க்கிற நோயா? அது தெரிந்தால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

அதிகம் பயன்படுத்தியது மடிநோய்க்குத்தான். பரவலாகச் சொல்லப்படும் கலவை இது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். தோலோடு கற்றாழையை வெட்டி மூன்றையும் சேர்த்து அரைத்தால் செங்கல் நிறத்தில் கெட்டியான விழுது வரும். மடியைக் கழுவி, இருக்கிற பாலை முழுக்கக் கறந்துவிட்டு, ஒரு கைப்பிடி விழுதைத் தண்ணீரில் கரைத்து மடி முழுவதும் பூச வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து தடவை, ஐந்து நாள். அன்றன்றைக்குப் புதிதாக அரைக்க வேண்டும். சுண்ணாம்பின் அளவில் கை தாராளமாகப் போனால் காம்புத் தோல் எரிந்து வெடிக்கும். அப்புறம் கறக்கப் போனாலே மாடு உதைக்கும். கறப்பதற்கு முன்பு விழுதைச் சுத்தமாகக் கழுவி எடுக்காவிட்டால் பால் மஞ்சளாகும்.

வேலை செய்கிறதா? பாலில் லேசாகத் திரி வருகிறது, மடி கொஞ்சம் சூடாக இருக்கிறது, ஆனால் மாடு நன்றாகத் தின்கிறது, அசை போடுகிறது, காய்ச்சல் இல்லை என்ற நிலையில் பூசியபோது பெரும்பாலும் சரியாகியிருக்கிறது. வீக்கம் வடிவதைக் கையாலேயே உணர முடியும். ஆனால் இதில் எவ்வளவு பங்கு கற்றாழைக்கு, எவ்வளவு பங்கு மாட்டுக்கே என்பதுதான் சிக்கல். மடிநோய் என்பது ஒரு கிருமியின் வேலை கிடையாது. ஈ.கோலை போன்ற கிருமிகளால் வரும் லேசான மடிநோயில், திரி நம் கண்ணில் படும் நேரத்துக்குள் மாட்டின் உடம்பே கிருமியைப் பெரும்பாலும் விரட்டி முடித்திருக்கும். பெரிய பால் பண்ணைகள் பலவற்றில் இப்போது பாலை முதலில் கிருமிச் சோதனைக்கு வைத்து, முடிவு பார்த்த பிறகே ட்யூப், அதாவது காம்புத் துளை வழியாக மடிக்குள் செலுத்தும் ஆன்டிபயாடிக், ஏற்றலாமா என்று முடிவு செய்கிறார்கள். கிருமியே வளராத மாதிரிக்கும் லேசான ஈ.கோலை வகைக்கும் ஆன்டிபயாடிக் தருவதில்லை. ஆக, கற்றாழை பூசி நன்றாகிற மாடுகளில் ஒரு பகுதி எதுவும் பூசாமலேயே நன்றாகியிருக்கும். இதைச் சொன்னால் கைவைத்தியக்காரர்களுக்குக் கோபம் வரும். ஆனால் அதே கணக்கு ட்யூபுக்கும் பொருந்தும் என்பதை ஊசிக்காரர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

எனக்கு இதில் கண்கூடாகத் தெரிந்த பலன் வேறு. நாளைக்குப் பத்து தடவை மடியில் கை வைக்கிறவனுக்கு, எந்தக் காம்பு கல்லாகிறது, எது சில்லென்று ஆகிறது என்பது உடனே தெரியும். ட்யூபை ஏற்றிவிட்டு மறுநாள் காலை வரை திரும்பிப் பார்க்காதவனுக்குத் தெரியாது. இன்னொன்று, அந்த லேசான நோய்களுக்கெல்லாம் ஆன்டிபயாடிக் போகாமல் மிச்சமாகிறது. ட்யூப் ஏற்றிய மாட்டின் பாலை மருந்துக்குச் சொன்ன கெடு முடியும் வரை விற்கவும் கூடாது, குடிக்கவும் கூடாது. மருந்து தங்கிய பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாகத் தோயாது. உறையில் இருக்கிற நல்ல கிருமியையும் அந்த மருந்து அடக்கிவிடும்.

கற்றாழை தோற்ற இடங்களும் உண்டு. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி மடித் தசைக்குள்ளே போய்ச் சின்னச் சின்னக் கட்டிகளாகப் பதுங்கிக்கொள்ளும். மேலே எதைப் பூசினாலும் அங்கே எட்டாது. ட்யூபும் பல நேரம் எட்டாது. கொஞ்ச நாள் பால் சுத்தமாக வரும், திரும்பவும் திரி காட்டும், மற்ற மாடுகளுக்கும் பரவும். அதற்கு நேர்மாறாக, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்ற வகைக்குப் பென்சிலின் அருமையாகக் கேட்கும். அந்த மாட்டுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருப்பதில் அர்த்தமே இல்லை. மாடு தீனி எடுக்காமல் நிற்கிறது, கண் உள்ளே போய்விட்டது, பால் தண்ணீர் மாதிரி வருகிறது, அல்லது காம்பு நீலம் பாய்ந்து சில்லென்று இருக்கிறது என்றால் அந்த நிமிடமே டாக்டரைக் கூப்பிட வேண்டும். அங்கே வாதத்துக்கு இடமில்லை.

வாதமே இல்லாத இன்னொரு நோய், கன்று ஈன்ற ஒன்றிரண்டு நாளில் வரும் சுண்ணாம்புச்சத்துக் குறைவு. மாடு படுத்துவிடும், கழுத்து எஸ் போல வளையும், தலையை விலாப்பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளும், காது சில்லிட்டுப் போகும். நரம்பில் கால்சியம் மெதுவாக ஏறினால் பல மாடுகள் கண்ணெதிரே எழுந்து நிற்கும். பாட்டில் முடிவதற்குள் சாணி போட்டு, உடம்பு நடுங்கி, எழ முயற்சி செய்யும் மாட்டைப் பார்த்தவர்கள் ஆங்கில மருந்தை மொத்தமாகத் திட்டமாட்டார்கள். இதை வேகமாக ஏற்றினால் இதயமே நின்றுவிடும், அதனால் தெரிந்தவர் கையால்தான் ஏற்ற வேண்டும். படுத்த மாட்டின் வாயில் கஷாயம் ஊற்றுவதுதான் நான் பார்த்ததிலேயே ஆபத்தான கைவைத்தியம். அந்த நிலையில் மாட்டுக்கு விழுங்கும் திறன் குறைந்திருக்கும். ஊற்றுவது நுரையீரலுக்குப் போகும்.

வயிறு உப்புசத்தில் நிலைமை தலைகீழ். பச்சைப் பயறுவகைத் தீவனத்தை வெறும் வயிற்றில் அதிகமாக மேய்ந்தால் முதல் இரைப்பையில் காற்று நுரையாகக் கட்டிக்கொள்ளும், ஏப்பமாக வெளியே வராது. இடது பக்கம் மத்தளமாக எழும்பும். தாவர எண்ணெய் கால் லிட்டர் முதல் அரை லிட்டர் வரை உள்ளே போனால் நுரை உடையும். இது பாட்டி வைத்தியம்தான், டாக்டர்களும் இதையேதான் சொல்வார்கள். மாட்டின் தலையை அளவுக்கு மீறித் தூக்காமல், நாக்கை இழுத்துப் பிடிக்காமல், கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். இருமினால் உடனே நிறுத்த வேண்டும். கிழங்கோ மாங்கொட்டையோ தொண்டையில் அடைத்ததால் வந்த உப்புசம் என்றால் எண்ணெயால் பயனில்லை. மூச்சு முட்டுகிறது என்றால் காத்திருக்கவே கூடாது.

கைவைத்தியத்துக்கு மிகச் சுலபமாகப் பேர் வாங்கித் தருவது, வாயிலும் குளம்பிலும் புண் வரும் கோமாரி என்ற வைரஸ் நோய். வளர்ந்த மாடுகளில் பெரும்பாலானவை ஏறக்குறைய இரண்டு வாரத்தில் தேறிவிடும். அதனால் அந்த இரண்டு வாரத்தில் யார் எதைக் கொடுத்திருந்தாலும் அதுதான் குணப்படுத்தியது என்று ஆகிவிடுகிறது. வாய்ப்புண்ணைக் கழுவுவது, குளம்பில் வேப்பெண்ணெய் தடவி ஈயும் புழுவும் அண்டாமல் பார்ப்பது எல்லாம் நல்ல பராமரிப்பு, தாராளமாகச் செய்யலாம். ஆனால் இளங்கன்றுகளை அந்த வைரஸ் இதயத்தில் தாக்கித் திடீரென்று சாய்த்துவிடும். காப்பது தடுப்பூசிதான்.

ஹோமியோபதியைப் பற்றியும் கேட்பார்கள். நார்வேயில் மடிநோய் கண்ட பசுக்களைப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஹோமியோபதி, ஒரு பகுதிக்கு மருந்தே இல்லாத போலி மருந்து, ஒரு பகுதிக்கு ஆன்டிபயாடிக் என்று கொடுத்துப் பார்த்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. போலி மருந்தைவிட ஹோமியோபதி மேல் என்பதற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. நானும் ஒரு காலம் பயன்படுத்திவிட்டு, சத்தமில்லாமல் விட்டுவிட்டேன்.

"இயற்கை, அதனால் கெடுதல் இல்லை" என்ற பேச்சைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அரளியும் இயற்கைதான், கொஞ்சம் இலை போனாலே மாடு செத்துவிடும். உண்ணிச்செடியைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெட்டு, வெயில் பட்ட இடத்தில் தோல் உரியும். அதே மூச்சில் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மாடுகளுக்கு வலிநிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்துத் தெற்காசியாவில் அந்த இனங்களையே கிட்டத்தட்டத் துடைத்துவிட்டது. காரணம் வெளியே தெரிந்தது 2004இல், இந்தியா மாட்டு மருத்துவத்தில் அதைத் தடை செய்தது 2006இல். கடையில் விற்கும் மருந்து என்பதும் பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை.

இயற்கைப் பண்ணைச் சான்றிதழ் வாங்குகிறவர்களுக்குத்தான் நெருக்கடி அதிகம். அமெரிக்க விதிப்படி ஆன்டிபயாடிக் கொடுத்த பசுவின் பாலை அதற்கப்புறம் இயற்கைப் பால் என்று விற்க முடியாது. ஆனால் அந்தப் பெயருக்காகத் தேவையான சிகிச்சையைத் தராமல் விடுவதும் அதே விதிகளில் குற்றம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி மூலிகையை முன்னால் வைத்தாலும், அது கேட்காதபோது ஆன்டிபயாடிக்கை அனுமதிக்கிறது, பாலை விற்காமல் வைக்கும் கெடுவை இரண்டு மடங்காக்குகிறது. எனக்கு இரண்டாவதுதான் நியாயமாகப் படுகிறது. முதலாவது விதி, மாடு துடிக்கும்போது வளர்ப்பவரைக் கணக்குப் போட வைக்கிறது.

உண்ணிக்கு வேப்பெண்ணெயை இன்றும் விடவில்லை. தடவிய உடனே உண்ணி உதிரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். கடிப்பதும் முட்டையிடுவதும் குறையும், அதற்கு விடாமல் தடவ வேண்டும். முட்டை எல்லாம் கொட்டகைச் சுவர் இடுக்கில் இருக்கும்போது மாட்டின் மேல் மட்டும் எதைப் போட்டும் பயனில்லை. சைபர்மெத்ரின் போன்ற மருந்துகளுக்குப் பல இடங்களில் உண்ணி பழகிப்போய்விட்டது. குடற்புழுவுக்கு மட்டும் வேம்பு, குப்பைமேனி எதையும் நம்பாமல், புதுச் சாணத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்து, முட்டை எண்ணிக்கை பார்த்து மாத்திரை போடுகிறேன்.

ஒன்று விட்டுப்போயிற்று. டாக்டர் வந்து நின்றால், திட்டுவாரோ என்று பயந்து பலர் தாங்கள் கொடுத்ததை மறைத்துவிடுகிறார்கள். என்ன அரைத்தோம், எவ்வளவு ஊற்றினோம், எப்போது ஊற்றினோம் என்பதை அவர் ஊசியை எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.