திருகு கிராஃபீனா, டங்ஸ்டன் ஜோடியா? முட்டி மோதும் எலெக்ட்ரான்களுக்கு எது சரியான தளம்

எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கும் ஆற்றல் அவற்றின் இயக்க ஆற்றலை மிஞ்சினால்தான் மோட் மின்காப்பு (விலக்கலால் எலெக்ட்ரான்கள் நகர முடியாமல் நிற்பது), விக்னர் படிகம் (எலெக்ட்ரான்களே படிகம்போல் ஒழுங்காக அமர்வது), பின்ன ஹால் நிலை (எலெக்ட்ரானின் மின்னூட்டம் பின்னமாகத் தெரியும் நிலை) எல்லாம் கண்ணில் படும். இருபரிமாணத்தில் இதைப் பார்க்க விரும்பும் ஆய்வு மாணவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, பழைய காலியம் ஆர்சனைடு. இன்னொன்று, மாயக் கோணம் எனப்படும் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் திருகிய இரட்டை அடுக்கு கிராஃபீன் (ஓரணுக் கனக் கார்பன் தாள்). மூன்றாவது, டங்ஸ்டன் டைசெலினைடும் டங்ஸ்டன் டைசல்ஃபைடும் சேர்ந்த ஜோடி. சிங்கப்பூரில் கென்ட் ரிட்ஜிலோ நன்யாங்கிலோ உள்ள பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்து நான்கு ஆண்டுக்குள் பட்டத்தை முடிக்க வேண்டியவருக்கு என் பரிந்துரை மூன்றாவதுதான். எங்கள் தேர்வும் அதுவே என்பதால் இதை நடுநிலைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல் கணக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

காலியம் ஆர்சனைடை முதலில் முடித்துவிடலாம். 1982இல் பின்ன குவாண்டம் ஹால் விளைவு வெளிப்பட்டது இதில்தான். 2021இல் பிரின்ஸ்டன் குழு எட்டிய எலெக்ட்ரான் நகர்திறன் (தடையின்றி ஓடும் திறன், தூய்மையின் அளவுகோல்) வோல்ட்-நொடிக்கு 44 மில்லியன் சதுர சென்டிமீட்டர். தூய்மையில் மற்ற இரண்டும் இதன் கிட்டேகூட வராது. ஆனால் அந்தத் தரத்து வேஃபரை (படிகத் தகட்டை) வளர்ப்பவர்கள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். உங்கள் ஆய்வு அவர்களுடைய அனுப்பும் பட்டியலைச் சார்ந்து நிற்கும். மேலும் இதில் எலெக்ட்ரான் இலேசானது. சதுர சென்டிமீட்டருக்கு 0.1 டிரில்லியன் எலெக்ட்ரான் என்ற வழக்கமான அடர்த்தியில் விலக்கலுக்கும் இயக்கத்துக்கும் உள்ள விகிதம் 2க்கும் கீழே. டங்ஸ்டன் டைசெலினைடில் பத்து மடங்கு கூடுதல் அடர்த்தியிலேயே அது 10ஐத் தொடும். ஆகவே காலியம் ஆர்சனைடில் வலுவான காந்தப்புலமும் மில்லிகெல்வின் குளிரும் இல்லாமல் பெரும்பாலும் வேலை நடக்காது.

மற்ற இரண்டும் மொய்ரே வகை. இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்று பிடித்துச் சற்றே திருப்பினால் பெரிய கட்டங்கள் தெரியும். அணு அடுக்குகளிலும் அதுதான் நடக்கிறது. கட்டம் பெரிதானால் எலெக்ட்ரானுக்கு அனுமதிக்கப்பட்ட ஆற்றல் பட்டை குறுகும், அதனால் இயக்க ஆற்றல் குறைந்து விலக்கல் ஓங்கும். கிராஃபீனில் அது மட்டும் போதாது. அடுக்குகளுக்கிடையே நடக்கும் தாவல் டிராக் வேகத்தை (கிராஃபீனில் எலெக்ட்ரான் ஓடும் இயல்பான வேகத்தை) ஏறத்தாழ முழுதாகக் கழித்துவிடும் ஒரு குறிப்பிட்ட கோணம் வேண்டும். அது 1.1 பாகைக்கு அருகே இருக்கும் என்று பிஸ்ட்ரிட்சரும் மெக்டொனால்டும் 2011இல் கணித்தார்கள். 2018இல் எம்ஐடியில் ஹாரியோ-ஹெரேரோ குழு அங்கே மின்காப்பு நிலையையும் 1.7 கெல்வினில் மீக்கடத்தலையும் காட்டியது. டங்ஸ்டன் ஜோடியில் மோட் நிலையை 2020இல் கார்னெல், பெர்க்லி குழுக்கள் காட்டின. கட்டத்துக்கு 1/3, 2/3 துளை (எலெக்ட்ரான் விட்டுச்சென்ற காலியிடம், நேர் மின்னூட்டம்போல் நடந்துகொள்வது) என்ற நிரப்பலில் எலெக்ட்ரான் படிகங்களும் அதே ஆண்டில் வந்தன.

ஆற்றல் அளவைப் பார்ப்போம். மின்காப்பு மாறிலியை 4 என்று வைத்தால், 12.8 நானோமீட்டர் கட்டம் கொண்ட கிராஃபீனில் பக்கத்துக் கட்டங்களுக்கிடையிலான விலக்கல் சுமார் 28 மில்லி எலெக்ட்ரான்வோல்ட், 8.2 நானோமீட்டர் கட்டம் கொண்ட டங்ஸ்டன் ஜோடியில் 44. கிராஃபீனில் சுழற்சியும் (ஸ்பின்) பள்ளத்தாக்கும் (எலெக்ட்ரான் இருக்கக்கூடிய இரண்டு உந்த நிலைகள்) சேர்ந்து ஒரு கட்டத்துக்கு நான்கு வகை எலெக்ட்ரான். டைசெலினைடில் சுழற்சி பள்ளத்தாக்கோடு பூட்டப்பட்டிருப்பதால் இரண்டே வகை. முக்கோண வலையில் ஹப்பர்ட் மாதிரி (தாவலும் விலக்கலும் மட்டுமே கொண்ட எளிய கணக்கு) என்று கோட்பாட்டுக்காரர் எழுதும் சமன்பாட்டுக்கு இதைவிட நேரடியான பொருள் கிடைப்பது அரிது.

இவை எல்லாம் இரண்டாம் பட்சம். தேர்வைத் தீர்மானிப்பது கோணப் பிழைதான்.

கிராஃபீனில் கட்டத்தின் நீளம் 0.246 நானோமீட்டரை ரேடியனில் உள்ள கோணத்தால் வகுத்தால் வருவது. கோணம் பிசகினால் நீளமும் அதே விகிதத்தில் பிசகும், கட்டங்களின் அடர்த்தி அதன் வர்க்கமாகப் பிசகும். 1.1 பாகை குறிவைத்து 1.0 வந்தாலோ 1.2 வந்தாலோ அடர்த்தி 17 முதல் 19 சதவீதம் மாறிவிடும். பட்டையும் மாயக் கோணத்தை விட்டு விலகிவிடும். டங்ஸ்டன் ஜோடியில் இரண்டு படிகங்களின் அளவே வேறு: டைசெலினைடு 0.328 நானோமீட்டர், டைசல்ஃபைடு 0.315. இந்த 4 சதவீத வேறுபாடு கோணம் சுழியமாக இருக்கும்போதே 8.2 நானோமீட்டர் கட்டத்தைத் தருகிறது. கோணம் சேரும்போது வகுக்கும் எண்ணில் 0.04இன் வர்க்கத்தோடு கோணத்தின் வர்க்கம் கூடுகிறது, பிறகு வர்க்கமூலம். சுழியத்துக்கு அருகே சிறு கோணத்தின் வர்க்கம் ஒன்றுமே இல்லை. 0.1 பாகைப் பிழைக்கு அடர்த்தி மாற்றம் 0.2 சதவீதம், அரைப் பாகைக்கு 5 சதவீதம். முழுசாக 1 பாகை தவறினால்தான் 19 சதவீதம் வரும். கிராஃபீனில் 0.1 பாகை செய்யும் சேதத்தை இங்கே செய்ய பத்து மடங்கு பிழை வேண்டும்.

ஒரே கருவிக்குள் கோணம் இடத்துக்கு இடம் மாறுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2020இல் வைஸ்மான் நிறுவனத்தில் ஸெல்டோவ் குழு ஊசிமுனை ஸ்க்விட் (மிக நுண்ணிய காந்தப்புல உணரி) கொண்டு மாயக் கோணக் கருவிகளை வரைபடமாக்கியபோது இந்த ஒழுங்கின்மை பளிச்சென்று தெரிந்தது. அளவீட்டில் இது எப்படித் தெரியும்? காப்பு அடுக்காக 30 நானோமீட்டர் போரான் நைட்ரைடு இருந்தால் கேட்டில் (எலெக்ட்ரான் எண்ணிக்கையை மாற்றும் மின்முனையில்) ஒரு வோல்ட்டுக்கு, சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.55 டிரில்லியன் எலெக்ட்ரான் சேரும். 1.1 பாகையில் பட்டை நிரம்ப 2.8 டிரில்லியன், அதாவது 5 வோல்ட் வேண்டும். அடுத்தடுத்த இரண்டு கான்டாக்ட் (மின் இணைப்பு) ஜோடிகளுக்கிடையே 0.05 பாகை வேறுபட்டால் மின்தடை உச்சம் அரை வோல்ட் அளவுக்கு இடம் மாறும். சிப்பின் ஒரு முனையில் மீக்கடத்தல் தெரிந்து மறுமுனையில் வெறும் உலோகமாக இருப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். அதோடு 1.1 பாகை என்பது கிராஃபீன் தானாக விரும்பி நிற்கும் நிலை அல்ல. சூடு பட்டதும் சுழியத்தை நோக்கித் திரும்பப் பார்க்கும். அதனால்தான் சற்றுக் கூட்டி வைத்து அடுக்குகிறார்கள், சூட்டைக் குறைத்தே வைக்கிறார்கள்.

டங்ஸ்டன் ஜோடியிலும் இழுவிசையிலிருந்து தப்ப முடியாது. ஓர் அடுக்கு மற்றதைவிட 0.5 சதவீதம் இழுபட்டால் 4 சதவீத வேறுபாடு எட்டில் ஒரு பங்கு மாறிவிடும். ஆகவே அடுக்குகளுக்கிடையே குமிழ் சிக்கி இழுவிசை உண்டாகும் இடத்தைத் தவிர்த்துத்தான் கருவியை வரைய வேண்டும். இரண்டு அடுக்கும் ஒரே பொருளான திருகு மாலிப்டினம் டைடெல்லுரைடு இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: 3.7 பாகையில் 0.1 பாகைப் பிழை அடர்த்தியை 5 சதவீதம்தான் மாற்றும். காந்தப்புலமே இல்லாமல் பின்ன ஹால் நிலை 2023இல் இதில் கிடைத்ததால் பலருக்கும் ஆசை வரும். ஆனால் இது காற்றில் கெட்டுப்போகும். க்ளவ் பாக்ஸில் ஆக்சிஜனும் நீராவியும் 1 பிபிஎம்முக்குக் கீழே இல்லாமல் தொடாதீர்கள்.

அடுக்கும் வேலையில் சிங்கப்பூருக்கென்று ஒரு தொல்லை உண்டு. வெளியே சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். ஏர்கான் அறையிலும் 55, 60 சாதாரணம். ஸ்டாம்புக்கான (அடுக்குகளை ஒட்டி எடுக்கும் படலத்துக்கான) பாலிகார்பனேட்டைக் குளோரோஃபார்மில் கரைத்துக் கண்ணாடித் தகட்டில் பரப்பும்போது, குளோரோஃபார்ம் வேகமாக ஆவியாகி மேற்பரப்பைக் குளிர்விக்கும். அது பனிநிலைக்குக் கீழே போனதும் அறைக் காற்றின் ஈரம் நுண்துளிகளாகப் படிந்து படலத்தில் குழிகளை விடும். படலம் பால் நிறமாக மங்கினால் தூக்கி எறியுங்கள். அந்தக் குழி ஒவ்வொன்றும் அடுக்கில் ஒரு குமிழாகும். நைட்ரஜன் ஓடும் பெட்டிக்குள் பரப்பினால் கண்ணாடி போல் வரும். செய்த ஸ்டாம்புகளையும் ஆக்சைடு சிப்புகளையும் கேமரா கடையில் விற்கும் ட்ரை கேபினெட்டில் வைத்தால் போதும். லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க வாங்கும் அதே பெட்டிதான். படிகத்திலிருந்து மெல்லிய அடுக்கை உரித்த டேப்பை ஒட்டுவதற்கு முன் சிப்பை 110 பாகை செல்சியஸில் பத்து நிமிடம் சுடுவதையும் விடாதீர்கள்.

கோணத்தைக் கண்டுபிடிப்பதிலும் டங்ஸ்டன் பக்கம் வசதி. ஒற்றை அடுக்கில் லேசர் இரட்டை அதிர்வெண் ஒளியைத் தரும். முனைவாக்கத்தைச் சுழற்றினால் ஆறு இதழ் கொண்ட வடிவம் வந்து படிக அச்சைக் காட்டிவிடும். அது 0 பாகையையும் 60 பாகையையும் பிரித்துச் சொல்லாது. அடுக்கிய பின் இரண்டும் மேவிய இடத்தில் ஒளி கூடினால் 0, குறைந்தால் 60. ஒற்றை அடுக்கு கிராஃபீன் சமச்சீரானது என்பதால் அங்கே இந்த வழி இல்லை. ஒரே ஃப்ளேக்கை (உரித்த செதிலை) வெட்டி, பாதியை எடுத்து, மேடையைத் திருப்பி, மீதியை எடுக்க வேண்டும்.

அடுக்கும் வரிசை முக்கியம். துளைகள் டைசெலினைடில்தான் தங்கும். அடியில் முன்பே வரைந்த பிளாட்டினம் கான்டாக்ட் வைப்பதானால் டைசெலினைடு கீழே வர வேண்டும். ஆக, ஸ்டாம்பில் முதலில் டைசல்ஃபைடு, பிறகு டைசெலினைடு. மாற்றி எடுத்தால் பிளாட்டினம் டைசல்ஃபைடைத் தொடும், துளை உள்ளே நுழையாது.

கிராஃபீன் தெளிவாக ஜெயிப்பது இந்தக் கான்டாக்ட் விஷயத்தில்தான். அதன் ஓரத்தைச் செதுக்கிக் குரோமியம், தங்கம் பூசினால் வேலை முடிந்தது. குளிரிலும் எதிர்ப்பு குறைவாகவே இருக்கும். டைசெலினைடில் துளை குறையக் குறையக் கான்டாக்ட் எதிர்ப்பு மெகாஓம் வரை ஏறும். வடிகட்டியும் வயரும் சேர்ந்து 1 நானோஃபாரட் இருந்தால் 10 மெகாஓமில் வெட்டு அதிர்வெண் 16 ஹெர்ட்ஸ். வழக்கமான 17 ஹெர்ட்ஸில் லாக்-இன் (ஒரே அதிர்வெண்ணில் மட்டும் சிறு சைகையை அளக்கும் கருவி) காட்டும் எண் அப்போது பாதிப் பொய். சைகை அலையின் ஃபேஸ் விலகுவதைக் கவனித்து அதிர்வெண்ணைக் குறைக்க வேண்டும், கான்டாக்ட் மேல் தனி கேட் வைத்து அந்த இடத்தில் மட்டும் துளையை நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் மின்னோட்டத்தை விட்டுவிட்டு ஒளியால் அளக்கலாம். மின்னூட்டம் ஏற ஒரே கான்டாக்ட் போதும். நான் சொல்வது துளைப் பக்கத்துக்குத்தான் பொருந்தும். எலெக்ட்ரான் பக்கம் இதே உறுதியோடு பரிந்துரைக்க மாட்டேன்.

குளிரூட்டலில் டங்ஸ்டன் ஜோடி மலிவு. 1/3 நிரப்பல் படிகம் சில பத்து கெல்வின் வரை தாங்கும், மோட் நிலை அதற்கும் மேலே. 4 கெல்வின் க்ரையோஸ்டாட்டிலேயே ஆய்வுக்கட்டுரை தரத்தில் தரவு எடுக்கலாம். மில்லிகெல்வின் வரை குளிர்விக்கும் டைல்யூஷன் ஃப்ரிட்ஜுக்கு வரிசையில் நிற்க வேண்டாம். படிகத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். வேதி ஆவி முறையில் வளர்த்த படிகத்தில் குறைகள் மொய்ரே கட்டங்களின் எண்ணிக்கையையே எட்டக்கூடும். ஃப்ளக்ஸ் முறைப் (உருகிய கரைப்பானில் வளர்த்த) படிகம் கேட்டு வாங்குங்கள்.

கேள்வியே மீக்கடத்தல் என்றால் கிராஃபீனுக்குப் போங்கள். கென்ட் ரிட்ஜில் 2010 முதல் கிராஃபீன் மையமாகத் தொடங்கி வளர்ந்த கைத்திறன் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த உதவி சிறியதல்ல.

டங்ஸ்டன் ஜோடி என்று முடிவு செய்தவர்கள் லித்தோகிராஃபிக்கு அனுப்பும் முன் குளிரில் பிரதிபலிப்பு நிறமாலை ஒன்று எடுத்துவிடுங்கள். டைசெலினைடின் எக்ஸைட்டான் (ஒளி பட்டு எலெக்ட்ரானும் துளையும் இணைந்த ஜோடி) கோடு 1.68 முதல் 1.78 எலெக்ட்ரான்வோல்ட்டுக்குள் மூன்றாகப் பிரிந்திருந்தால் மொய்ரே அமைந்துவிட்டது. ஒரே கோடாக இருந்தால் அந்த அடுக்கில் மேற்கொண்டு ஒரு நாளும் செலவிடாமல் அடுத்ததை அடுக்கத் தொடங்குங்கள்.