ஆறு சனிக்கிழமையும் ஒரு சிக்குக் கோலமும்

காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரு மாடியில் நடக்கும் பைத்தான் என்ற கணினி மொழி வகுப்புக்கு ஆறு சனிக்கிழமை போய்வந்தேன். கட்டணம் 3,500 ரூபாய். குடியாத்தத்தில் லுங்கிக் கடைக்குக் கணக்கு எழுதும் எனக்கு வயது 34. உடன் படித்த கல்லூரிப் பிள்ளைகள், "உங்களுக்கு எதற்கு அக்கா இது?" என்று கேட்டுக்கொண்டே என் நோட்டைப் பார்த்து எழுதினார்கள்.

முதல் மூன்று வாரத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நான்காவது வாரம் பைனரி ட்ரீ வந்தது; ஒவ்வோர் எண்ணின் கீழும் இடம், வலம் என்று இரண்டு கிளை வரை பிரியும் தலைகீழ் மரம். ஆசிரியர் பலகையில் உச்சியில் 4, அதன் கீழே 2, 6, அடியில் 1, 3, 5, 7 என்று போட்டார். பிறகு உச்சியின் இடப்பக்கத்தில் தொடங்கி, எல்லா எண்களையும் ஒட்டியே வளைந்து வளைந்து வலப்பக்கம் வந்து முடியும்படி ஒரே கோடு இழுத்தார். மார்கழியில் வாசலில் புள்ளியைச் சுற்றிக் கம்பி இழுப்போமே, அதேதான். கோடு ஓர் எண்ணின் இடப்பக்கத்தை உரசும்போது எழுதிக்கொண்டால், கிடைக்கும் வரிசைக்குப் பெயர் பிரீஆர்டர்: 4, 2, 1, 3, 6, 5, 7. அடிப்பக்கத்தை உரசும்போது எழுதினால் இன்ஆர்டர்: 1 முதல் 7 வரை வரிசையாக விழுகிறது. வலப்பக்கத்தில் எழுதினால் போஸ்ட்ஆர்டர்; 4 கடைசியில் வரும். நிரலிலும் அச்சிடும் வரி ஒன்றுதான் இடம் மாறுகிறது. என் கணக்கில் பாதிக் கட்டணம் அன்றே வரவாகிவிட்டது.

மீதியைச் செலவில்தான் எழுதியிருக்கிறேன். ஐந்தாம் வாரம், இடப்பக்கமாகவே 1,500 கணு (எண் உட்காரும் இடம்) தொங்கும் மரத்தைக் கொடுத்துப் பார்த்தேன். நிரல் பாதியில் நின்றது. பைத்தானில் ஒரு சார்பு (பெயர் வைத்த நிரல் துண்டு) தன்னையே அழைத்துக்கொண்டு போகும் ஆழத்துக்கு வழக்கமான வரம்பு 1,000. "வரம்பை ஏற்றிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். அப்படித் தன்னையே அழைக்காமல், ஸ்டாக் (கடைசியில் வைத்ததை முதலில் எடுக்கும் அடுக்கு) வைத்து இன்ஆர்டரை எழுதும் முறைக்கு ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுத்தார்கள். அதை அப்படியே ஓட்டினால் 1, 1, 1 என்று நிற்காமல் கொட்டுகிறது!

திரும்பும் ரயிலில் தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். இடப்பக்கம் போகப் போக ஸ்டாக்கில் போடு. வழி முடிந்தால் மேலே இருப்பதை எடு, அச்சிடு, அதன் வலப்பக்கம் போ. அந்தக் கடைசி 'போ'தான் தாளில் இல்லை. லத்தேரி வருவதற்குள் அகப்பட்டுவிட்டது. அடுத்த வாரம் காட்டினேன், பார்த்துத் தலையாட்டினார்கள். அன்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் அதே தாளைத்தான் கொடுத்தார்கள்.

சேருகிறவர்கள் காலைக் குழுவைக் கேட்டு வாங்குங்கள்; கோடு இழுக்கும் அந்த ஆசிரியர் மாலையில் வருவதில்லை. ஜெராக்ஸையும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், பின்பக்கம் எழுத உதவும்.